பி.இ. படிக்கும்போதே ஐ.ஐ.டி. மெட்ராஸ் பி.எஸ்.: ஒரே டெர்மில் நான்கு பாடம் எடுக்கலாமா?

கேள்வி: 18 மே 2025, மாலை

பி.இ. ஈ.சி.ஈ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) முதல் ஆண்டு முடிகிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, ஹாஸ்டல் வாசம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பின் தகுதித் தேர்வில் தேறிவிட்டேன். மே மாதம் தொடங்கும் டெர்மில் (பருவத்தில்) முதல் நான்கு பாடமும் எடுத்து, பி.இ. முடிகிற அன்றைக்கே இரண்டு பட்டத்தையும் வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். தினம் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்கிறார் ஒரு சீனியர் அக்கா. வகுப்பு ஆசிரியரோ ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி செல்லாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: 18 மே 2025, இரவு

செல்லும். முதலில் அந்தப் பயத்தைத் தூக்கிப் போடுங்கள். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட வழிகாட்டுதலே இதற்கு அனுமதி தருகிறது. வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதாவிட்டால் இரண்டு படிப்பையும் நேரடியாகவே படிக்கலாம். ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலை அல்லது ஆன்லைன் என்றும் வைத்துக்கொள்ளலாம். பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது. உங்களுடையது இரண்டாவது வகை. ஐ.ஐ.டி. நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இயங்குகிற நிறுவனம், அங்கீகாரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். அந்த அறிவிப்பை ஒரு பிரிண்ட் எடுத்துக் கைவசம் வையுங்கள். ஆசிரியர்களில் பலருக்குப் பழைய விதிதான் நினைவில் இருக்கிறது. நானும் காகிதத்தைக் காட்டித்தான் பேச வேண்டியிருந்தது. காட்டியதும் பேச்சு முடிந்துவிட்டது.

நான் 2021இல் பி.இ. சேர்ந்தவள், அதே ஈ.சி.ஈ. இரண்டாம் ஆண்டில் பி.எஸ். சேர்ந்தேன். இப்போது பி.இ. கடைசித் தேர்வுகளை எழுதிவிட்டேன். பி.எஸ்.ஸில் அடிப்படை நிலைக்கு அடுத்து வரும் இரண்டு டிப்ளமோவும் முடிந்து அடுத்த நிலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: நான்கு வேண்டாம்.

அந்த அக்கா சொல்லும் மூன்று மணி நேரம் பொய் இல்லை. ஆனால் அது இரண்டு பாடத்துக்கான கணக்கு. ஒரு பாடத்துக்கு வாரம் ஏறத்தாழ 10 மணி நேரம் பிடிக்கும் என்று ஐ.ஐ.டி.யே சொல்கிறது. தினம் மூன்று என்றால் வாரத்துக்கு 21. நான்கு பாடம் என்றால் 40. காலை முதல் மாலை வரை கல்லூரியில் இருந்துவிட்டு அதற்கு மேல் 40 மணி நேரம் எங்கிருந்து வரும்?

19 மே 2025, காலை

நேற்று மணிக்கணக்கை மட்டும் பேசினேன். அதைவிடப் பெரிய விஷயம் நாட்காட்டி.

ஐ.ஐ.டி.க்கு வருடத்தில் மூன்று டெர்ம்: ஜனவரி, மே, செப்டம்பர். ஒவ்வொன்றும் 12 வாரப் பாடம், நடுவில் குவிஸ் என்ற இரண்டு சின்னத் தேர்வு, கடைசியில் எண்ட் டெர்ம் என்ற இறுதித் தேர்வு. நமக்கு இரண்டு செமஸ்டர். இந்த மூன்றையும் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

செப்டம்பர் டெர்மின் எண்ட் டெர்ம் டிசம்பரில் வரும். நமக்கு நவம்பர்–டிசம்பர் பல்கலைக்கழகத் தேர்வு. நேருக்கு நேர் மோதல். ஜனவரி டெர்ம் ஏப்ரல் வாக்கில் முடியும். அப்போது நமக்கு மாடல் தேர்வு, லேப் தேர்வு, லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இருந்தாலும் எழுத்துத் தேர்வு தொடங்குவதற்குள் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மே டெர்ம்தான் வரம். அதன் முதல் பாதி செமஸ்டர் விடுமுறையில் போகிறது. பின்பாதியில் நமக்குப் புதிய செமஸ்டர் தொடங்கியிருந்தாலும் கல்லூரியே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வுக்கு நாள் இருக்கும்.

அதனால் "எத்தனை பாடம் எடுக்கலாம்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த டெர்மில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். என் அறைத்தோழி நல்ல புத்திசாலி, என்னைவிட வேகமாகப் படிப்பவள். ஒரு செப்டம்பரில் நான்கு எடுத்தாள். டிசம்பரில் இரண்டை விட வேண்டி வந்தது. அவளுக்கு நேரம் போதாமல் இல்லை. ஞாயிறு எண்ட் டெர்ம், செவ்வாய் பல்கலைக்கழகத் தேர்வு என்று விழுந்தால் யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார்கள்.

19 மே 2025, மதியம்

யாரோ டைம்டேபிள் போட ஒரு ஆப் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஹாஸ்டல் சுவரில் ஒட்டிய பெரிய காலண்டரே போதுமாக இருந்தது. கல்லூரிக்கு நீலம், ஐ.ஐ.டி.க்குச் சிவப்பு. ஒரே வாரத்தில் இரண்டு நிறமும் நெருங்கினால் அதற்கு இரண்டு வாரம் முன்பே அசைன்மென்ட் வேலையை முடித்து வைப்பேன்.

27 மே 2025

இரண்டு, மூன்று நாளாக யோசித்ததில் உங்கள் விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இது மே டெர்ம். விடுமுறையில் வீட்டில் இருப்பீர்கள். தகுதித் தேர்வுக்காக இந்த நான்கு பாடத்திலும் முதல் நான்கு வாரத்தை ஏற்கெனவே படித்தும் இருக்கிறீர்கள். ஆகவே மூன்று எடுக்கலாம்: மேத்ஸ் 1, ஸ்டாட்ஸ் 1, கம்ப்யூட்டேஷனல் திங்கிங்.

இங்கிலீஷ் 1ஐ வேண்டுமென்றே பின்னால் தள்ளுங்கள். செப்டம்பரில் தேர்வுகள் மோதும்போது ஒரு கனமான பாடமும் ஒரு லேசான பாடமும் இருந்தால் சமாளித்துவிடலாம். லேசானதை எல்லாம் இப்போதே தீர்த்துவிட்டால் செப்டம்பரில் இரண்டு கனமானவை மிச்சமிருக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு இங்கிலீஷ் 1 லேசான பாடம் இல்லை, விடுமுறையில் எடுப்பதே நல்லது.

அப்புறம் அந்த இரண்டு பட்டமும் ஒரே நாளில் என்ற ஆசை. கணக்குப் பார்ப்போம். அடிப்படை நிலை 8 பாடம், 32 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு). புரோகிராமிங் டிப்ளமோ 27, டேட்டா சயின்ஸ் டிப்ளமோ 27. பி.எஸ்சி. பட்டத்தோடு நிறுத்திக்கொள்ள மொத்தம் 114 கிரெடிட், பி.எஸ். வரை போக 142. உங்கள் பி.இ. 2028 மே மாதம் முடியும். அதற்குள் உங்களுக்கு ஒன்பது டெர்ம். மே டெர்ம்களில் மூன்று பாடம், மற்றவற்றில் சராசரியாக இரண்டு அல்லது இரண்டரை என்று போனால் அடிப்படையும் இரண்டு டிப்ளமோவும் முடிந்திருக்கும். 86 கிரெடிட். அது சின்ன விஷயம் இல்லை. பட்டத்துக்கான மிச்சத்தை வேலையில் சேர்ந்த பிறகு படிக்கலாம். மொத்தம் 8 ஆண்டு வரை அனுமதி இருக்கிறது. ஒரு டெர்ம் முழுக்க எதுவும் எடுக்காமல் விட்டாலும் யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை. இந்தப் படிப்பு இப்படி அமைந்திருப்பதே நம்மைப் போன்றவர்களுக்குத்தான். பி.இ.யில் அந்த வசதி இல்லை, அது தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டில் எதை மெதுவாக்க முடியுமோ அதை மெதுவாக்குங்கள்.

8 ஜூன் 2025

மூன்றாம் செமஸ்டர் பாடப் பட்டியலைப் போட்டதற்கு நன்றி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை), நான் படித்ததுதான். அதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"ரேண்டம் பிராசஸஸ் அண்ட் லீனியர் ஆல்ஜீப்ரா" என்று ஒரு பாடம் வருகிறதே, அதில் பாதிக்கு மேல் ஐ.ஐ.டி.யின் ஸ்டாட்ஸ் 2, மேத்ஸ் 2 இரண்டிலும் வருவதுதான். நிகழ்தகவு, ரேண்டம் வேரியபிள், வெக்டர் ஸ்பேஸ் எல்லாம். இப்போது ஸ்டாட்ஸ் 1ஐ முடித்துவிட்டால் செப்டம்பரில் ஸ்டாட்ஸ் 2. அதே மாதங்களில் கல்லூரியிலும் அதே பாடம். ஒருமுறை ஆழமாகப் படித்தால் இரண்டு இடத்திலும் உதவும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாடம் ஒன்று, தேர்வு வேறு. நம் பல்கலைக்கழகத் தாளில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று. படிப்படியாக எழுத வேண்டும். கடைசி விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் விழும். ஐ.ஐ.டி. தாளில் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லது எண்ணாக அடிக்க வேண்டும். வழிமுறையை யாரும் பார்ப்பதில்லை. சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கும் கேள்விகள் வேறு. அவற்றில் புரிந்த மாதிரி இருப்பதற்கும் புரிந்ததற்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும்.

நான் வாரத்தில் நான்கு நாள் ஐ.ஐ.டி. பாணியில் கணக்குகளைப் போடுவேன். கல்லூரித் தேர்வு நெருங்கும்போது அதே கணக்கை முழு வாக்கியங்களோடு, தேற்றத்தின் பெயரோடு, கோடு போட்டு எழுதிப் பழகுவேன். இந்த இரண்டாவது பழக்கம் இல்லாததால் நன்றாகப் புரிந்தவர்களே கல்லூரித் தாளில் மதிப்பெண் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பைத்தானும் இதே மாதிரி. முதல் செமஸ்டரில் நிரலைத் தாளில் எழுதித்தான் தேர்வானோம். ஐ.ஐ.டி.யில் கேமராக் கண்காணிப்பில் கணினியில் எழுதி, நேரத்துக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். கொடுத்திருக்கும் சோதனை எல்லாவற்றிலும் நிரல் தேற வேண்டும். பைத்தான் தெரியும் என்ற தைரியத்தில் போகாதீர்கள், தினம் ஒரு சின்ன நிரலாவது எழுதுங்கள்.

9 ஜூன் 2025

வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: முதல் வாரங்களில் பார்க்கலாம். ஐந்தாம் வாரத்துக்கு அப்புறம் கணக்குப் பாடங்களில் அது நடக்காது. நிறுத்தி, பேனாவை எடுத்து, தானாகப் போட்டுப் பார்க்காத வீடியோ பார்த்த கணக்கில் சேராது.

22 ஜூன் 2025

கல்லூரிப் பக்கத்தைப் பற்றி இதுவரை போதுமான அளவு சொல்லவில்லை. எனக்கு மிகவும் அக்கறையான இடம் இதுதான்.

வருகைப்பதிவு 75 சதவீதம். அதற்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழ், கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) என்று அலைய வேண்டும். பி.எஸ். படிப்புக்காக ஒரு வகுப்பைக்கூட விடாதீர்கள். ஓ.டி. (வெளியே போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) கேட்டும் நிற்காதீர்கள். குவிஸும் எண்ட் டெர்மும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அதற்கு ஓ.டி. தேவையே இல்லை. தேவைப்படுவது ஹாஸ்டல் அவுட்பாஸ். பெண்கள் விடுதியில் ஞாயிறு மாலை திரும்பும் நேரம் கறாராக இருக்கும். தேர்வு மையம் வேறு ஊரில் விழுந்து, மாலை அமர்வும் இருந்தால் வார்டனிடம் முன்கூட்டியே தேதிகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். டெர்ம் தொடங்கும்போதே தேர்வுத் தேதிகள் தெரிந்துவிடும். ஹால் டிக்கெட்டின் நகலோடு அப்பாவைவிட்டு ஒரு போன் செய்ய வைத்தால் எங்கள் வார்டன் ஒருபோதும் மறுத்ததில்லை.

குவிஸ் ஞாயிறுகளில் காலையில் மெஸ்ஸில் பூரி போட்டுவிடுவார்கள்! அறைத்தோழிகள் டப்பாவில் எடுத்து வைத்திருப்பார்கள். இரவு வந்து ஆறிப்போன பூரியைச் சாப்பிட்டபடி எல்லாரும் சேர்ந்து விடைகளைச் சரிபார்ப்போம். அந்த மூன்று ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேரத்தைத் தின்பது படிப்பு இல்லை, ரெக்கார்டு. அப்சர்வேஷன், ரெக்கார்டு, வரைபடம், கையெழுத்து. லேப் முடிந்த அன்று மாலையே எழுதி முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில்தான் இரண்டாவது பாடம் ஓடியது.

அரியர் வைக்கவே வைக்காதீர்கள். கல்லூரிக்கு வரும் கம்பெனிகளில் பல, நிலுவையில் ஒரு அரியர் இருந்தாலும் எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. பி.எஸ்.ஸில் எத்தனை எஸ் கிரேடு (உச்ச கிரேடு) வாங்கியிருந்தாலும் அந்த இடத்தில் அது உதவாது. இரண்டும் ஒரே வாரத்தில் மோதி, ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால் பி.இ.யைக் காப்பாற்றுங்கள். பி.எஸ். பாடத்தைப் பணம் கட்டி மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

13 ஜூலை 2025

டபுள் மேஜர் வேறு, இது வேறா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேறுதான். டபுள் மேஜர் என்றால் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம், அதற்குள் இரண்டு முதன்மைப் பாடம். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் கொண்டுவந்த இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மொத்த கிரெடிட்டில் 40 சதவீதமாவது இரண்டாவது பாடத்தில் இருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பின் 160 கிரெடிட்டில் அது 64. அங்கே சுமை மொத்தக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும், ஒரே அட்டவணை, ஒரே தேர்வு வாரம். நம்முடையதில் சுமை வெளியிலிருந்து வந்து மேலே ஏறுகிறது, இரண்டு நிறுவனமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு தேதி வைப்பதில்லை. அதனால்தான் நாட்காட்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. எழுதும் ஒரு தம்பி இங்கே சொன்னதும் இதே கதைதான். பி.காம்.மின் கணக்கியலும் வரியும் சி.ஏ.வின் இடைநிலைத் தேர்வான இன்டர் பாடத்தோடு ஒட்டி வருகின்றன என்பது உண்மை. சி.ஏ. இன்டர் இப்போது வருடத்துக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பரில் நடப்பதால் செமஸ்டரோடு மோதாத மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. தம்பி, நீங்கள் இன்டரின் இரண்டு குரூப்பையும் (பாடத் தொகுதியையும்) சேர்த்து எழுத நினைப்பது செப்டம்பருக்கு என்றால் சரி, மே மாதத்துக்கு என்றால் உங்கள் செமஸ்டர் தேர்வைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

20 ஜூலை 2025

பணம் பற்றித் தனிச் செய்தியில் கேட்டவர்கள் பலர். பொதுவிலேயே சொல்கிறேன், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அடிப்படை நிலையில் ஒரு பாடத்துக்கு 4,000 ரூபாய், மேலே போகப் போகக் கூடும். சமூகப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. வருமானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் டெர்ம் தொடங்குவதற்கு முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்ப் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதைச் சேர்த்து வைத்தே பாடக் கட்டணம் கட்டிய ஒரு தங்கை எங்கள் விங்கில் இருந்தாள். சலுகை போக அவளுக்கு அது தாராளமாகப் போதுமாக இருந்தது.

பாடத்தின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வார அசைன்மென்ட்டுகளை விட்டுவிட்டு எண்ட் டெர்முக்குத் தகுதி இழந்தால் அந்தப் பணம் போனதுதான்.

வேறு பல்கலைக்கழகத்தில் தொலைநிலைப் படிப்பு சேர நினைப்பவர்களுக்கு: நம்மிடம் இருப்பது ஒரே ஒரு மாற்றுச் சான்றிதழ். அது பி.இ. கல்லூரியில் இருக்கும். இரண்டாவது இடம் அசலைக் கேட்குமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3 ஆகஸ்ட் 2025

இவ்வளவு நேரம் எப்படிச் சமாளிப்பது என்றே பேசினோம். சேர வேண்டுமா என்பதையும் பேச வேண்டும்.

ஐ.ஐ.டி. என்ற பெயருக்காக மட்டும் சேர்ந்தவர்கள் இரண்டாவது டெர்முக்கு மேல் நீடித்து நான் பார்க்கவில்லை. வீட்டில், சொந்தக்காரர்களிடத்தில் பொண்ணு ஐ.ஐ.டி.யில் படிக்கிறாள் என்று சொல்லும் பெருமை ஒரு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒரு கணக்கோடு மல்லுக்கட்டும்போது அந்தக் கணக்கு பிடித்திருந்தால்தான் உட்கார முடியும்.

ஈ.சி.ஈ.யோடு கொஞ்சம் டேட்டா சயின்ஸ் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே வழி இருக்கிறது. 2021 ரெகுலேஷனில் கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் மைனரோடு (வேறு துறையின் துணைப் பாடத்தோடு) பி.இ. பட்டம் கிடைக்கும். தன் துறையிலேயே ஆழமாகப் போக நினைத்தால் ஆனர்ஸ். அதே வகுப்பறை, அதே தேர்வு வாரம், மோதல் இல்லை. உங்கள் கல்லூரி எந்த மைனரை நடத்துகிறது என்று மட்டும் துறைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.டெக். சேர்வதற்கான கேட் (GATE) தேர்வை எழுத நினைப்பவர்களுக்கு மட்டும் பி.எஸ். இன்னொரு விதத்தில் உதவும். டேட்டா சயின்ஸ் அண்ட் ஏ.ஐ. என்ற தாள் 2024 முதல் இருக்கிறது. நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜீப்ரா, பைத்தான், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங் என்று நாம் படிப்பதே அங்கும் வருகிறது. ஈ.சி.ஈ.காரர்கள் தாராளமாக எழுதலாம்.

14 செப்டம்பர் 2025

"மூன்றிலும் எண்ட் டெர்ம் எழுதிவிட்டேன், செப்டம்பருக்கு என்ன எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனசு நிறைந்தது. ஆகஸ்ட் கடைசியில் எண்ட் டெர்மும் கல்லூரியின் முதல் இன்டர்னலும் அடுத்தடுத்து வந்ததையும் தாண்டியிருக்கிறீர்கள், டிசம்பருக்கு அது நல்ல ஒத்திகை.

செப்டம்பரில் ஸ்டாட்ஸ் 2, இங்கிலீஷ் 1. இரண்டோடு நிறுத்துங்கள். ஜனவரியில் மேத்ஸ் 2, பைத்தான், இங்கிலீஷ் 2. ஜனவரிக்கு மூன்று அதிகம்தான், தெரிந்தே சொல்கிறேன். அடிப்படை நிலையின் எட்டுப் பாடமும் முடியாமல் டிப்ளமோவுக்குப் போக முடியாது. ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தால் அடுத்த மே விடுமுறை முழுவதும் அந்த ஒன்றுக்கே போய்விடும். பைத்தான் உங்களுக்குப் பாதி தெரிந்தது, இங்கிலீஷ் 2 லேசு, ஆகவே அது உண்மையில் இரண்டு பாடத்தின் சுமைதான். பிப்ரவரி நடுவில் மூன்றும் சேர்ந்து அழுத்துகிறது என்று தோன்றினால் இங்கிலீஷ் 2ஐ விட்டுவிடுங்கள், மேத்ஸ் 2ஐ விடாதீர்கள்.

டிப்ளமோவில் ப்ராஜெக்டுகள் வரும், ஒவ்வொன்றுக்கும் வைவா (வாய்மொழித் தேர்வு) உண்டு. அவற்றை ஏழாம் செமஸ்டருக்கு மிச்சம் வைக்காதீர்கள். அது பிளேஸ்மென்ட் நேரம், இன்டர்வியூ என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. 2027 மே டெர்முக்குள் ப்ராஜெக்டுகள் முடிந்துவிட்டால் அவற்றை ரெஸ்யூமேயிலும் போட்டுக்கொள்ளலாம், என் இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஸ்டாட்ஸ் 2இல் நான் எழுதிய கையெழுத்துக் குறிப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள். ஐந்தாம் வாரத்துக்கு அப்புறம் உள்ளவற்றைப் பார்க்கும் முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.